ஒன்றாம் எண் வீட்டின் நான்கெல்லை

டேப் அக்காவிடம் பத்திரம் எழுதக் கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றிப் பதினாறு பேர் பத்திரம் எழுதிப் பிழைக்கிறார்கள். அதில் பதினைந்து பேர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கி, பெயரையும் தேதியையும் மாற்றி, டீ ஆறுவதற்குள் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவள் மட்டும் கைப்பையில் முப்பது மீட்டர் டேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். சொத்து இருக்கும் இடத்துக்கே போய், கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே என்ன, தெற்கே என்ன என்று நாலு பக்கமும் காலால் நடந்து பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது.

கேலி செய்பவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான். "வீடு நம்மகிட்ட நடந்து வராது. நாமதான் போகணும்." இந்த ஞானம் அவளுக்குச் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம் ஒரு குட்டையை வீட்டுமனை என்று எழுதிக்கொடுத்து, வாங்கியவர் மண்வெட்டியோடு போய் முழங்கால் தண்ணீரில் நின்று, ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு வாங்கியதுதான் அந்த டேப்.

செவ்வாய்க்கிழமை காலையில் தையல்காரி வந்தாள். கூடவே அவளுடைய அண்ணி. தண்ணீர்த் தொட்டிச் சந்தில் முதல் வீடு அவர்களுடையது. முன் அறையில் நாலு மெஷின், பின்னால் குடித்தனம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை பூராவும் அங்கேதான் தைக்கிறார்கள். தையல்காரிக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணிக்கு ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் அண்ணன்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு குடும்பத்துக்குக் குடிபோனபோது, நாத்தனார் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே உலை.

"திங்கக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்" என்றாள் தையல்காரி, பட்டன் வாங்கி வரச் சொல்வது போன்ற குரலில். "வால்வு மாத்துறாங்களாம். பத்துல எட்டு பேரு எழுந்து வர்றாங்கன்னு டாக்டர் சொல்றார். நான் அந்த எட்டுலதான் இருப்பேன். இருந்தாலும் அதுக்குள்ள வீட்டை அண்ணி பேர்ல எழுதிடணும்."

"நான் கேக்கலை" என்றாள் அண்ணி ஜன்னலைப் பார்த்தபடி.

"கேட்டாதான் குடுப்பாங்களா. நீங்க சும்மா இருங்க அண்ணி." தையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நான் போயிட்டா வீடு யாருக்குப் போகும்?"

"உனக்குப் புருஷன் பிள்ளை இல்ல, அப்பா அம்மா இல்ல. உன் அண்ணனுக்குப் போகும்."

"அண்ணிக்கு?"

"அண்ணன் பொண்டாட்டிங்கிற முறையில ஒரு செங்கல் கூடக் கிடையாது."

"உயில் எழுதலாம்னு சிலர் சொல்றாங்க."

"எழுதலாம். ஆனா உயில் நீ போனப்புறம்தான் வாயைத் திறக்கும். அப்ப உன் அண்ணன் வந்து, இது அவ கையெழுத்தே இல்லைன்னு ஒரு கேஸைப் போட்டா, இது என் கையெழுத்துதான்னு சொல்ல நீ இருக்க மாட்ட."

"அதான் வேண்டாம்ங்கிறேன். உயிரோட இருக்கும்போதே, நானே ஆபீசுக்கு வந்து, என் வாயாலயே குடுத்துட்டுப் போறேன்."

டேப் அக்காவுக்கு இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கும். இழுபறி இல்லை, கண்ணீர் இல்லை. தானப் பத்திரம், வெள்ளிக்கிழமை பதிவு, அவ்வளவுதானே என்று பழைய பத்திரத்தை வாங்கிப் பிரித்தாள். பிரித்ததும் முகம் மலர்ந்தது. அது அவள் எழுதியது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், இருபத்து நாலு வயதில், தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் எழுதியது. ஒரு பில்டர் சந்தில் ஏழு வீடுகளை வரிசையாகக் கட்டி விற்றார். ஏழு பத்திரமும் அவள்தான் எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து. "பாத்தியா, அப்பவே எப்படி எழுதியிருக்கேன்னு" என்று தையல்காரியிடம் காட்டி, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் டேப்போடு சந்துக்குப் போனாள். போகும்போது நல்ல உற்சாகம். தான் எழுதிய பத்திரத்தைத் தானே சரிபார்ப்பதில் என்ன வேலை இருக்கப் போகிறது என்ற நினைப்பு வேறு.

சந்து ஒரு பக்கம் அடைத்தது. கிழக்கு முனையில் பெரிய ரோடு, அங்கே தண்ணீர்த் தொட்டி. மேற்கு முனையில் பள்ளிக்கூடச் சுவர். நடுவில் ஏழு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் '1' என்று இரும்புத் தகடு. அதன் கீழே நின்று பத்திரத்தைப் படித்தாள். 'வீட்டு எண் 1-க்கு நான்கெல்லை: மேற்கே பள்ளிக்கூடச் சுவர், கிழக்கே 2-ஆம் எண் வீடு.'

நிமிர்ந்து பார்த்தாள். கிழக்கே தொட்டி நின்றது. மேற்கே இரண்டாம் எண் வீட்டு வாசலில் ஒரு பூனை தூங்கியது. பள்ளிக்கூடச் சுவர் அந்தக் கோடியில் இருந்தது.

இன்னொரு முறை படித்தாள். பத்திரத்தோடு தைத்திருந்த வரைபடத்தைப் பிரித்தாள். வரைபடத்தில் ஒன்றாம் எண் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் தொட்டிப் பக்கம் ஏழு. தகடு அடிக்க வந்த ஆட்கள் ரோட்டில் வண்டியை விட்டு இறங்கியதும் எதிரே இருந்த வீட்டில் ஒன்றை அடித்துவிட்டு, வரிசையாக உள்ளே போய் ஏழில் முடித்திருக்கிறார்கள். பில்டர் தகட்டைப் பார்த்துச் சாவி கொடுத்தார். டேப் அக்கா வரைபடத்தைப் பார்த்துப் பத்திரம் எழுதினாள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

ஒரு சந்து பூராவும் இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் குடியிருக்கிறார்கள். ஒன்றுக்கு ஏழு, இரண்டுக்கு ஆறு, மூன்றுக்கு ஐந்து. நடுவில் நாலாம் எண்காரர் ஒருத்தர்தான் சொந்த வீட்டில் இருக்கிறார். வரி ரசீது, கரண்டு எல்லாம் தகட்டு எண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் விற்கவில்லை, யாரும் பேங்கில் வைக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. சனங்கள் பத்திரத்தைப் பீரோவில் வைப்பதற்குத்தானே வாங்குகிறார்கள், படிப்பதற்கா.

அதைவிட மோசம், பத்திரத்தின் கடைசி வரி. 'சொத்தை நேரில் பார்வையிட்டு, எல்லைகளைச் சரிபார்த்து எழுதப்பட்டது.' அந்தக் காலத்தில் எல்லாரும் எழுதிய வரி, அவளும் எழுதினாள். நேரில் பார்க்கவில்லை. பஸ் ஏறினால் பத்து நிமிஷம், அதற்கு அன்றைக்குச் சோம்பல். முத்து முத்தான கையெழுத்தைப் பார்க்கவே இப்போது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வேறு ஆளாக இருந்தால் பில்டர் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். அவர் இறந்தும் பல வருஷம் ஆகிறது, எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. டேப் அக்கா நேராகத் தையல் கடைக்குள் நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த நாலு மெஷினையும் நிறுத்தச் சொன்னாள்.

"தப்பு என்னுது" என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

தையல்காரி கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அப்ப இருபத்திரண்டு வருசமா நான் அந்தக் கோடி வீட்டு செக்கரோட வீட்டுக்குத்தான் வெள்ளையடிச்சுட்டு இருக்கேனா?"

"காகிதப்படி ஆமா. கோடி வீடு உன்னுது. இந்த வீடு அவருது."

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"உன்கிட்ட இல்லாததை நீ குடுக்க முடியாது. சொத்து விஷயத்துல இதுதான் முதல் விதி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். முதல்ல நீயும் செக்கரும் வீட்டை மாத்திக்கிட்டதா ஒரு பரிவர்த்தனைப் பத்திரம். அவர் கையெழுத்துப் போட்டா அரை மணி நேர வேலை. அது பதிவான கையோட இந்த வீடு காகிதத்துலயும் உன்னுது. உடனே அண்ணிக்குத் தானம். ரெண்டையும் வெள்ளிக்கிழமையே முடிச்சுடலாம். எழுத்துக் கூலி ஒரு பைசா வேண்டாம், ஏழு வீட்டுக்கும்."

"போடுவாரா?"

"ஏன் போட மாட்டார். அவர் வீடும்தானே சரியாகுது."

கோடி வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டவரைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். மகனுக்காக மாடியில் புதிதாக இரண்டு அறை எடுத்திருந்தார், பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. டேப் அக்கா சொன்னதைக் கேட்டு, தன் பத்திரத்தை எடுத்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா ரோட்டுமேல கடையோட இருக்கிற வீடு என் பேர்ல இருக்கு."

"காகிதத்துல."

"காகிதந்தானேம்மா எல்லாம்." சிரித்தார். "போடுறேன், போடுறேன். அக்கம்பக்கத்துல இதுகூடச் செய்யலைன்னா எப்படி. வெள்ளிக்கிழமை காலைல வா."

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பத்திரத்தை எழுதி வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அதிகம் பேசாத அண்ணி அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. "அவர் வந்திருக்கார். ஒன்பது வருசம் கழிச்சு. எங்க வாசலைத் தாண்டித்தான் கோடி வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரமாச்சு, இன்னும் வெளியில வரலை." அவ்வளவுதான் சொன்னாள். அவர் என்றால் அவள் புருஷன்.

வெள்ளிக்கிழமை காலையில் செக்கர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பத்திரத்தை மட்டும் தொடவில்லை.

"இதுல என்னம்மா அவசரம். ஒரு வக்கீலைக் கலந்துக்கணும் இல்லையா. அடுத்த புதன், வியாழன் வாக்குல பாக்கலாம்."

"திங்கக்கிழமை அவளுக்கு ஆபரேஷன்."

"தெரியும். கடவுள் இருக்கார், நல்லபடியா முடியும்." செக்கர் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். "முடியாமப் போனாலும் என்ன, வாரிசுன்னு ஒருத்தர் இல்லாமலா போயிட்டார். அவர்கூடப் பேசி முடிச்சுக்கலாம். நியாயமான மனுஷன்."

விஷயம் வெட்டவெளிச்சம். இவர்தான் போன் போட்டு அவனை வரவழைத்திருக்கிறார். தங்கச்சி எழுந்து வராவிட்டால் அவன் வாரிசு. கோடி வீடு செக்கருக்கே, தொட்டிப் பக்கத்து வீடும் கடையும் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி, அப்படி ஏதோ ஒரு பேச்சு. ஒரு பொம்பளை செத்துப்போவாளா என்று கையெழுத்தை மடியில் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். டேப் அக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரிந்ததால், தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். செக்கர் எதை நம்பி உட்கார்ந்திருக்கிறார்? தையல்காரி போய்விடுவாள், அண்ணன் வருவான். அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அந்த அண்ணன் வராமல் போய்விட்டால்? தையல்காரியிடம் தொட்டிப் பக்கத்து வீடு இல்லை, அதனால் அதைக் கொடுக்க முடியாது, சரி. ஆனால் இவளிடம் ஒன்றுமே இல்லையா என்ன? நிறுத்தம் வருவதற்குள் டேப் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து படியருகில் போய் நின்றாள்.

ஆபீசுக்குப் போய் ஒரே மூச்சில் இன்னொரு பத்திரத்தை எழுதினாள். எழுதிவிட்டுச் செக்கருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒரு மரியாதைக்காகச் சொல்றேன். இன்னிக்கு மூணு மணிக்குப் பதிவு இருக்கு."

"நான்தான் கையெழுத்துப் போடலையேம்மா."

"உங்க கையெழுத்து தேவையில்லாத பத்திரம். காகிதப்படி டெய்லரம்மாவுக்குக் கோடி வீடு சொந்தம். சொந்தமானதைக் குடுக்க யாரையும் கேக்க வேண்டாம் இல்லையா. அதை அவங்க அண்ணிக்குத் தானம் குடுக்குறாங்க. கூடவே, தொட்டிப் பக்கத்து வீட்டுல இருபத்திரண்டு வருசம் குடியிருந்த அனுபவத்துல தனக்கு உள்ள உரிமை அத்தனையும். மாடியில ரெண்டு ரூம் எடுத்திருக்கீங்களே, நல்லா இருக்குன்னு அண்ணி சொன்னாங்க."

டேப் அக்கா அதோடு நிறுத்தவில்லை.

"அண்ணிக்குத் திங்கக்கிழமை ஆபரேஷன் எதுவும் கிடையாது. நல்ல ஆரோக்கியம். அண்ணன்கிட்ட பேசி முடிக்கலாம்னு இருந்தீங்க, இனிமே அவர் விட்டுட்டுப் போன பொண்டாட்டிகிட்டத்தான் பேசணும்."

"நான் கோர்ட்டுக்குப் போவேன்."

"தாராளமாப் போங்க. போய் என்ன சொல்லுவீங்க? எண் தப்பாப் போட்டுட்டாங்க, நான் இருபத்திரண்டு வருசமா இந்த வீட்டுல இருக்கேன், அதனால இது எனக்குத்தான்னு சொல்லுவீங்க. அவங்களும் அதையேதான் சொல்லப் போறாங்க. உங்க வக்கீல் பேசி முடிச்சா அவங்களுக்குத் தனியா வக்கீலே வேண்டாம்."

ஒரு பெருமூச்சு கேட்டது. ஆயிரம் பேரை நடுவழியில் இறக்கிவிட்ட மனிதருக்கு, இப்போது தன்னிடம் டிக்கெட் இல்லை என்பது புரிய நாலைந்து நொடி பிடித்தது.

"பரிவர்த்தனைப் பத்திரம் எழுதியாச்சா?" என்றார் கடைசியில்.

"புதன்கிழமையே."

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் பத்திரத்தோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. டேப் அக்காவும் குத்திக் காட்டவில்லை. தப்பின் வேர் தன்னுடையது என்பது அவளுக்கு மறக்கவில்லை. பதிவாளர் முன்னால் அதையும் சொன்னாள். ஏழு பத்திரமும் நான் எழுதியவை, நேரில் பார்க்காமலேயே பார்த்ததாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பதிவாளர் அதை இரண்டு முறை படித்தார். அவருக்கு அன்றைக்குக் கடுமையான ஜலதோஷம். "இதைக் கோப்புல வெச்சா நாளைக்கு உங்க லைசென்ஸுக்கே வில்லங்கம் வரும்மா" என்றார்.

"வந்தா வரட்டும் சார். மிச்சம் ரெண்டு ஜோடி வீடு இருக்கு. அவங்க பத்திரம் திருத்த வரும்போது காரணம் கோப்புல இருக்கணும்."

பரிவர்த்தனை முடிந்தது. செக்கர் கையெழுத்துப் போட்டார், கட்டைவிரலை மையில் ஒற்றினார், தையல்காரியும் போட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து தொட்டிப் பக்கத்து வீடு சந்தேகமில்லாமல் தையல்காரியுடையது. பஸ்ஸில் யோசித்து எழுதிய பத்திரத்தை டேப் அக்கா கிழித்துக் கூடையில் போட்டாள். தானப் பத்திரத்தை எடுத்துப் பதிவாளர் முன் வைத்தாள். கை ஓங்கியிருக்கிறது, இனி என்ன, ஐந்து நிமிஷம்.

பதிவாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தையல்காரியைக் கேட்டார். "யார் வற்புறுத்தலும் இல்லாம, முழு மனசோட குடுக்குறீங்களா?"

"முழு மனசோட."

அண்ணி பக்கம் திரும்பினார். "நீங்க ஏத்துக்குறீங்களா?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, உங்களைத்தான். தானம்னா வாங்குறவங்க ஏத்துக்கணும். குடுக்குறவங்க உயிரோட இருக்கும்போதே ஏத்துக்கணும். இல்லைன்னா செல்லாது. ஏத்துக்குறீங்களா?"

"இல்ல" என்றாள் அண்ணி.

செக்கர் பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கினார். டேப் அக்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. வரைபடம், தகடு, செக்கர், அண்ணன், எல்லாவற்றையும் தாண்டி வந்தாயிற்று. இந்த வாயிலிருந்து இந்தச் சொல் வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொத்து வேண்டும் என்று அடித்துக்கொண்டவர்களைத்தான் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி, விளையாடாதீங்க" என்றாள் தையல்காரி. "அவர் வந்து உங்களைத் தெருவுல நிறுத்துவார். நான் இல்லைன்னா உங்களுக்கு யாரு இருக்கா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்." அண்ணியின் குரல் உயரவில்லை. "ஒரு வாரமா பாத்துட்டு இருக்கேன். துணி குடுத்தவங்களுக்கெல்லாம் தைச்சுக் குடுத்தாச்சு. மெஷினுக்கு எண்ணெய் போட்டாச்சு. பீரோ சாவி எங்க இருக்குன்னு சொல்லியாச்சு. இப்ப வீடும் எழுதிட்டா இவளுக்கு ஒரு வேலையும் பாக்கி இல்ல. எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டு ஆபரேஷனுக்குப் போறவ எதுக்குத் திரும்பி வருவா? இதை நான் வாங்கிக்கிட்டா, சரி நீ போகலாம்னு நானே சொன்ன மாதிரி. நான் சொல்ல மாட்டேன். எனக்கு இவ போதும், வீடு வேண்டாம்."

தையல்காரி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் இப்போது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. பத்தில் எட்டு என்று சொல்லிச் சொல்லி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எந்தச் சிக்கலுக்கும் டேப் அக்காவிடம் ஒரு வாசகம் இருக்கும். "அண்ணி, இப்படிச் செய்யலாம். வீடு உங்க பேருக்கு வந்தாலும், இவ தன் ஆயுள் முழுக்க அந்த வீட்டுல குடியிருக்க உரிமை உண்டுன்னு ஒரு வரி சேர்க்கிறேன். வழக்கமா எழுதுறதுதான். அப்ப இவ அந்த வீட்டுக்காரிதான், எங்கேயும் போகலை."

அண்ணி யோசித்தாள். "உரிமைன்னா, இருந்தாலும் இருக்கலாம், போனாலும் போகலாம். அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப அது வேண்டாம். கடமைன்னு எழுதுங்க."

"அண்ணி, அதெல்லாம் சட்டத்துல…"

"ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்து, என்கூட அந்த வீட்டுல இருந்தே ஆகணும்னு எழுதுங்க. அதுக்கு இவ கையெழுத்துப் போடட்டும். நான் வாங்கிக்கிறேன்."

டேப் அக்கா பதிவாளரைப் பார்த்தாள். பதிவாளர் கைக்குட்டையைத் தேடினார்.

"நிறைவேத்த முடியாத நிபந்தனை" என்றார். "இதை மீறினாங்கன்னு யாரும் கேஸ் போட முடியாது."

"ஆனா இப்படி ஒரு வரி இருக்கிறதால தானம் கெட்டுப் போகாது சார். நிபந்தனை செல்லாமப் போனாலும் தானம் நிக்கும்."

"நிக்கும்." அவர் மூக்கை நன்றாகச் சிந்தினார். "எழுதுங்க. இடைச்செருகலுக்கு ஓரத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

டேப் அக்கா பேனாவைத் திறந்தாள். சொத்து விவரத்துக்கு மேலே இருந்த காலி இடத்தில் நிதானமாக எழுதினாள். 'தானம் கொடுப்பவர் சிகிச்சை முடிந்து திரும்பி வந்து, தானம் பெறுபவருடன் மேற்படி வீட்டில் வாழக் கடமைப்பட்டவர்.' எழுதி முடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு முறை வாசித்துக் காட்டி, தையல்காரி பக்கம் நகர்த்தினாள்.

வீட்டைக் கொடுக்க ஒரு நொடி யோசிக்காதவள், இதற்குப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. செக்கர்கூட வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் குனிந்து, ஓரத்தில், தன் முழுப் பெயரையும் அழுத்தி எழுதினாள்.

"போட்டுட்டேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எழுதிக் குடுத்தாச்சு, இனி நானே நினைச்சாலும் சாக முடியாது. இப்பவாவது வாங்கிக்குங்க அண்ணி."

பதிவாளர் மறுபடியும் கேட்டார். "ஏத்துக்குறீங்களா அம்மா?"

அண்ணி ஓரத்திலிருந்த கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்துக்குறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.